ஆற்றை மறைத்த கடைகள்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டீஸ் ஆற்றங்கரையில் ஸ்டாக்டன் என்றொரு ஊர். அதன் கடைத்தெரு பல ஆண்டுகளாக ஈயடித்துக்கொண்டிருந்தது. அதற்கு உயிர் கொடுக்க என்ன செய்யலாம் என்று யோசித்த நகராட்சி, 2019இல் தெருவின் நடுநாயகமாக நின்ற காசில்கேட் வணிக வளாகத்தை விலைக்கு வாங்கியது. 2022இல் அதை இடிக்க ஆரம்பித்தது. அங்கே இன்னொரு மால் கட்டுவதாகத் திட்டமில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தைப்போல் மூன்று மடங்கு பரப்பில் ஆற்றோரப் பூங்கா வரும் என்றார்கள்.

கடைத்தெருவைக் காப்பாற்றக் கடைகளை இடிப்பதா என்று நம்மூரில் கேட்டால் சிரிப்பார்கள். ஸ்டாக்டனிலும் சிலர் சிரித்தார்கள். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள் பிரிட்டன் நாற்பது ஆண்டு சுற்றி வந்திருக்கிறது. அந்தச் சுற்றைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

அங்கே ஊருக்கு ஊர் ‘ஹை ஸ்ட்ரீட்’ உண்டு. நம் பெரியகடை வீதி மாதிரி. துணிக்கடை, மருந்துக்கடை, ரொட்டிக்கடை, வங்கி, தபால் நிலையம், இரண்டு மதுக்கூடம், ஒரு தேவாலயம் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கும். இன்று அப்படியொரு தெருவில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது பெயர்ப்பலகைகளின் தழும்பு. எழுத்துகளைக் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பைக் கூட்டி வாசித்தால் பழைய கடையின் பெயர் வந்துவிடும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தபால் துளை வழியே விழுந்த கடிதங்கள் குவிந்து கிடக்கும். பக்கத்தில் வேப் கடை, முடிதிருத்தகம், சூதாட்டக்கடை. அதற்கடுத்து தர்ம ஸ்தாபனம் நடத்தும் பழைய துணிக்கடை. தர்ம ஸ்தாபனக் கடைகளுக்கு வரியில் நூற்றுக்கு 80 தள்ளுபடி என்பதால், வேறு யாருக்கும் கட்டுப்படியாகாத இடத்திலும் அவற்றால் தாக்குப்பிடிக்க முடிகிறது.

இதற்கெல்லாம் காரணம் இணையம் என்பதுதான் பொதுவான பேச்சு. வூல்வொர்த்ஸ் கதையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கலாம். 1909இல் லிவர்பூலில் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்த நிறுவனம் அது. குழந்தைகள் கரண்டியால் அள்ளி எடுக்கும் கலவை மிட்டாயிலிருந்து திரைச்சீலைக் கம்பி வரை எல்லாம் கிடைத்த இடம். 2008 நவம்பரில் நொடித்தது. டிசம்பர் 27 முதல் ஜனவரி 6 வரையிலான பதினோரு நாட்களில் 807 கடைகளும் மூடப்பட்டன. சுமார் 27,000 பேருக்கு வேலை போயிற்று. அந்த 2008இல் பிரிட்டனின் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்துதான்! மீதி தொண்ணூற்றைந்தும் கடைகளில்தான் விற்றது. அந்தப் பங்கு 2019இல் இருபதைத் தொட்டது, பெருந்தொற்றுக் காலமான 2021 தொடக்கத்தில் 37 வரை ஏறியது, பிறகு 26, 27 என்று இறங்கி நின்றது. அடி பெரிய அடிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடி விழுந்தபோது நோயாளி ஏற்கெனவே படுக்கையில் கிடந்தார்.

நோய் 1980களில் தொடங்கியது. ஸ்டாக்டனுக்கு வெகு தெற்கே, பர்மிங்காம் பக்கம் டட்லி என்ற ஊர். அதன் அருகே ரவுண்ட் ஓக் இரும்பாலை 1982 கடைசியில் மூடப்பட்டது. வேலை போன பகுதிகளுக்குத் தொழில் வரட்டும் என்று மார்கரெட் தாட்சர் அரசு ‘எண்டர்பிரைஸ் ஸோன்’ என்ற சலுகை வட்டாரங்களை அறிவித்திருந்தது. அங்கே பத்து ஆண்டுகளுக்குக் கட்டட வரி கிடையாது, திட்ட அனுமதியும் எளிது. தொழிற்சாலை வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், கார் நிறுத்த விரிந்த திடலோடு மெர்ரி ஹில் என்ற பெரிய வணிக வளாகம் முளைத்தது. டட்லி கடைத்தெருவில் வரி கட்டிக்கொண்டிருந்த பெரிய கடைகள், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் உட்பட, ஒவ்வொன்றாக அங்கே குடிபெயர்ந்தன. சில கிலோமீட்டர் தள்ளி வரியில்லாமல் வியாபாரம் செய்யலாம் என்று அரசாங்கமே சொன்னால் எந்த வியாபாரிதான் போகமாட்டார்?

டட்லி மட்டுமல்ல. கேட்ஸ்ஹெட்டில் 1986இல் வந்த மெட்ரோ சென்டரும் சலுகை வட்டாரத்துப் பிள்ளைதான். மின்நிலையச் சாம்பல் கொட்டிய நிலத்தில் எழுந்தது. ஷெஃபீல்டில் 1990இல் மெடோஹால் வந்தது. அதுவும் எஃகு ஆலை இருந்த இடம். ஸ்டாக்டனுக்கும் தன் பங்கு கிடைத்தது: பழைய குதிரைப் பந்தயத் திடலில், நெடுஞ்சாலையை ஒட்டி, டீஸைட் பார்க். ஊர்நடுவில் இடமிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊருக்கு வெளியே அனுமதி தரவேண்டும் என்ற கண்டிப்பான விதி 1996இல்தான் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். முன்பே அனுமதி கையில் வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் கட்டினார்கள். மான்செஸ்டர் அருகே டிராஃபோர்ட் சென்டர் 1998இலும், கென்ட் மாவட்டத்துச் சுண்ணாம்புக் குவாரியில் புளூவாட்டர் 1999இலும் திறந்தன.

போட்டி மட்டும் என்றால் கடைத்தெரு வாடகையைக் குறைத்துத் தப்பித்திருக்கும். நம்மூரில் அதுதான் நடக்கும்: கடை காலியானால் உரிமையாளர் இரண்டு மாதம் பார்ப்பார், மூன்றாவது மாதம் முன்பணத்தைக் குறைப்பார், பிறகு வாடகையிலும் இறங்கிவருவார். பிரிட்டனில் வாடகை இறங்காதபடி இரண்டு பூட்டுகள் போட்டிருந்தார்கள். முதலாவது குத்தகை. இருபத்தைந்து ஆண்டுக் குத்தகைதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வாடகையைத் திருத்துவார்கள். திருத்தினால் ஏறலாம், இறங்க முடியாது. தெருவே காலியானாலும் பத்திரத்தில் உள்ள வாடகை அப்படியே நிற்கும்.

இரண்டாவது பூட்டு ‘பிசினஸ் ரேட்ஸ்’ எனப்படும் கட்டட வரி. நம் சொத்துவரியைப் போன்றதுதான். ஆனால் கட்டவேண்டியவர் கட்டடத்துக்காரர் அல்ல, கடை வைத்திருப்பவர். அது எப்படிக் கணக்காகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் வேடிக்கை அதில்தான் இருக்கிறது. மதிப்பீட்டாளர் டேப்பைப் பிடித்து வாசலிலிருந்து உள்நோக்கி 6.1 மீட்டர் அளப்பார். அது இருபது அடி. அந்தத் துண்டுக்கு முழு மதிப்பு. அடுத்த 6.1 மீட்டருக்குப் பாதி மதிப்பு, அதற்கும் உள்ளே கால். தெருவைப் பார்த்த முன்பக்கம்தான் காசு பார்க்கும் இடம் என்ற கணக்கு. முன்துண்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 6 மீட்டர் அகலமும் 18.3 மீட்டர் ஆழமும் உள்ள கடைக்கு 18,300, அதில் பாதி 9,150, அதில் பாதி 4,575. மொத்தம் 32,025 பவுண்டு. 2025 கணக்கில் இதில் ஏறக்குறையப் பாதி, அதாவது 16,000 பவுண்டு, ஆண்டு வரி. அன்று போணி ஆகாவிட்டாலும் கட்டித்தான் ஆகவேண்டும். இணைய வியாபாரத்துக்கும் இதே வரிதான். ஆனால் நெடுஞ்சாலையோரக் கிடங்குக்குச் சதுர மீட்டர் மதிப்பு கடைத்தெரு வாசலோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு.

இந்த மதிப்பை அப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தவேண்டியிருந்தது. 2010இல் வந்த பட்டியல் 2008 ஏப்ரல் முதல் தேதியின் வாடகை நிலவரத்தை வைத்துப் போட்டது. சரியாக நிதி நெருக்கடி வெடிப்பதற்கு முன், வாடகை உச்சியில் இருந்த நேரம். 2015இல் திருத்தியிருக்கவேண்டும், அரசு அதை 2017க்குத் தள்ளிப்போட்டது. வடக்கத்தி ஊர்களில் வாடகை சரிந்த பிறகும் ஏழு ஆண்டுகள் கடைக்காரர்கள் 2008இன் உச்சத்துக்கு வரி கட்டினார்கள். ‘தெருவைக் கொன்றது யார்?’ என்று எனக்குக் கேட்கத் தோன்றும்போதெல்லாம், கணினித் திரைக்கு முன்னதாக இந்தத் தள்ளிவைப்பு உத்தரவுதான் நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது நிலம் யாருடையது என்ற கேள்வி. பெரிய கடைகள் பல தங்கள் சொந்தக் கட்டடத்தில்தான் இருந்தன. டெபன்ஹாம்ஸ் வேர் 1778 வரை போகும். 2003இல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் மூன்று சேர்ந்து அதை வாங்கின. 2005இல் அதன் 23 கடைகளின் கட்டடங்களை 49.5 கோடி பவுண்டுக்கு ஒரு சொத்து நிறுவனத்திடம் விற்று, அதே கட்டடங்களில் நீண்டகாலக் குத்தகைக்கு உட்கார்ந்தார்கள். சொந்த வீட்டை விற்று அதிலேயே வாடகைக்கு இருப்பது. அடுத்த ஆண்டே நிறுவனத்தைப் பங்குச்சந்தையில் இறக்கிவிட்டு வெளியேறினார்கள். வாடகைச் சுமை கடையோடு தங்கிவிட்டது. 2021 மே மாதம் கடைசிக் கடைகளும் மூடின. அதற்கு முன்பே ஓர் இணையத் துணி நிறுவனம் டெபன்ஹாம்ஸ் என்ற பெயரையும் வலைத்தளத்தையும் மட்டும் 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. ஊர் ஊராக நின்ற கடைகளை அவர்கள் சீந்தவில்லை.

இன்னொரு பெரிய கடையான பிஎச்எஸ் கதையில் தொகை இன்னும் சின்னது. 2015இல் மொத்த நிறுவனமும் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2016இல் மூடியபோது ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுண்டு பள்ளம் இருந்தது தெரிந்தது.

கடைத்தெருவைக் காலி செய்த புறநகர் மால்களும் தப்பவில்லை. டிராஃபோர்ட் சென்டர், லேக்சைட், மெட்ரோ சென்டர், டட்லியை விழுங்கிய மெர்ரி ஹில் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த இன்டு நிறுவனம் சுமார் 450 கோடி பவுண்டு கடனோடு 2020 ஜூனில் கவிழ்ந்தது.

இனி வைத்தியங்களுக்கு வருவோம். 2011இல் பிரதமர் டேவிட் கேமரன், தொலைக்காட்சியில் கடைகளைச் சீர்திருத்திக் காட்டிப் புகழ்பெற்ற மேரி போர்ட்டஸிடம் அறிக்கை கேட்டார். டிசம்பரில் 28 பரிந்துரைகள் வந்தன. சிலவற்றில் விஷயம் இருந்தது: வரியைச் சீராக்குங்கள், கட்டடத்தைப் பூட்டிவைக்கும் உரிமையாளரைக் கேள்வி கேளுங்கள் என்றார். அரசு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, செலவு குறைந்த ஒன்றை: ஊர்க்குழுக்களுக்குச் சிறுதொகை. 2012இல் முதல் சுற்றில் 371 ஊர்கள் விண்ணப்பித்தன. 12 ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். டார்ட்ஃபோர்ட் ஊர் அதில் ஏறக்குறைய 1,600 பவுண்டை, குழந்தைகளைக் கவரும் பெப்பா பன்றி வேடத்துக்குச் செலவழித்ததாகச் செய்தி வந்தபோது நாடே நக்கலடித்தது. எனக்கென்னவோ டார்ட்ஃபோர்ட்காரர்களைக் குறைசொல்லத் தோன்றவில்லை. வாடகையும் வரியும் குத்தகையும் தன் கையில் இல்லாத ஓர் ஊர்க்குழுவிடம் ஒரு லட்சத்தைக் கொடுத்தால் பூத்தொட்டி, தோரணம், பன்றி வேடம் தவிர வேறு எதைத்தான் வாங்கமுடியும்?

குரோய்டன் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. அங்கே சிறுபணத்தை யாரும் பெரிதாக எண்ணவில்லை, பெரும்பணம் வரப்போகிறது என்று காத்திருந்தார்கள். 1960களின் இறுதியில் எழுந்த விட்கிஃப்ட் சென்டரை இடித்துவிட்டு, நூறு கோடி பவுண்டில் புது மால் கட்டும் திட்டம் 2013 வாக்கில் அறிவிப்பானது. அனுமதி கிடைத்தது, திட்டம் மாறியது, மறுபடி அனுமதி கிடைத்தது, திறப்பு ஆண்டு தள்ளிக்கொண்டே போனது. எப்படியும் இடிக்கப்போகிற கட்டடத்தில் யார் புதுக்கடை போடுவார்? 1862இல் தொடங்கிய ஆல்டர்ஸ் கடை 2012இல் நொடித்துவிட்டிருந்தது, மற்றவர்களும் நகர்ந்தார்கள். 2020 நவம்பரில் நகராட்சியே கல்லா காலி என்று முறைப்படி அறிவிக்கும் நிலைக்கு வந்தது. சீரழிவைவிடக் காத்திருப்பு அதிகம் கெடுத்த ஊர் அது.

போர்ட்டஸ் சுற்றுக்குப் பிறகு அரசு பணத்தின் அளவைக் கூட்டியது. கடைத்தெருக்களுக்கென 2018இல் அறிவித்த நிதி நூறு கோடி பவுண்டாக வளர்ந்து, 2020 டிசம்பரில் 72 ஊர்களுக்கு 83 கோடி பகிர்ந்தது. பணம் வந்த வழிதான் சரியில்லை. எல்லாமே போட்டி. நகராட்சிகள் ஆலோசகர்களுக்குக் கூலி கொடுத்து விண்ணப்பம் எழுதின. தோற்றவர்களுக்கு அந்தக் கூலியும் நஷ்டம். கிடைத்த பணத்தையும் கட்டடமாக்கத்தான் விதி இடம் கொடுத்தது.

பணத்தைவிட யோசனை உதவிய ஊர் ஆல்ட்ரிங்காம். டிராஃபோர்ட் சென்டருக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு, 2010 வாக்கில் அங்கே ஏறக்குறைய மூன்று கடைக்கு ஒன்று காலி. ஊரில் நகராட்சிக்குச் சொந்தமான பழைய சந்தைக் கட்டடம் ஒன்று இருந்தது. சந்தை உரிமை 1290இலிருந்து வருவது. அதை 2014இல் சமையல்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். சுற்றிலும் சின்னச்சின்ன அடுக்களைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவான நீளமான மரமேசைகள். முகம் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவேண்டும். கூட்டம் வந்தது, சுற்றுத் தெருக்களில் கடைகள் நிரம்பின, 2018இல் இங்கிலாந்தின் சிறந்த கடைத்தெரு என்ற விருதும் வந்தது. ஆனால் ஆல்ட்ரிங்காம் வசதியானவர்கள் சூழ்ந்து வாழும் ஊர் என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு தப்பிவிடும். பாட்டாளி ஊர்கள் பல இதைக் காப்பியடித்து உணவுக்கூடம் திறந்தன. எல்லா இடத்திலும் மேசை நிரம்பவில்லை.

மார்கேட் கடற்கரைக்கு 2011இல் டர்னர் ஓவியக்கூடம் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் லண்டனிலிருந்து வேக ரயிலும் வந்திருந்தது. ஓவியர்களும் அவர்கள் பின்னால் லண்டன்காரர்களும் வந்தார்கள். பழைய நகரப் பகுதி மலர்ந்தது. வீட்டு வாடகையும் சேர்ந்து ஏறியதால் உள்ளூர்க்காரர்களுக்கு மீட்சியின் விலை தெரிந்தது.

அரசு நிதிப் பட்டியலில் பெரிதாக அடிபடாத ஒரு தெருவையும் பார்க்கவேண்டும். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த். 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து, பெட்ரோல் நிலையங்களிலும் மூலைக்கடைகளிலும் இரவு வேலை பார்த்த ஈழத்தமிழர்கள் பின்னாளில் தாங்களே கடை எடுத்த தெருக்களில் ஒன்று. தெற்கே டூட்டிங்கிலும் வடமேற்கே ஹாரோவிலும் இதே காட்சிதான். நடைபாதையில் பெட்டி பெட்டியாக முருங்கைக்காய், கறிவேப்பிலை, மரவள்ளி. உள்ளே போனால் ஒரே வாசலைப் பகிர்ந்துகொண்டு நகைக்கடை, பணம் அனுப்பும் கவுண்டர், கைப்பேசி பழுதுபார்க்கும் மேசை. சனிக்கிழமை தோளோடு தோள் உரசாமல் நடக்கமுடியாது. மதிப்பீட்டாளரின் 6.1 மீட்டர் கணக்கை நம்மவர்கள் சொல்லிக்கொடுக்காமலே புரிந்துகொண்டார்கள்: முன்துண்டுதான் காசு என்றால் அதை நாலாகப் பிரி.

ஆனால் ‘கடைத்தெரு கெட்டுவிட்டது’ என்று ஆங்கிலேயர்கள் அலுத்துக்கொள்ளும்போது இந்த மாதிரித் தெருக்களையும் பல சமயம் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். தெரிந்த பெயர்ப்பலகை போய்த் தெரியாத எழுத்தில் பலகை வந்துவிட்டால், கூட்டம் நிரம்பிய தெருவும் அவர்கள் கண்ணுக்குச் செத்த தெரு. நம்மவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கல்லாவில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் கணக்காளர்களாகவும் மருத்துவர்களாகவும் ஆகிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு மொத்தச் சந்தைக்குப் போக அடுத்த தலைமுறையில் ஆள் தேடவேண்டியிருக்கும்.

ஸ்டாக்டனுக்குத் திரும்புவோம். ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் தீக்குச்சியை உலகிலேயே முதன்முதலாக விற்றது இந்த ஹை ஸ்ட்ரீட்டில்தான். 1827 ஏப்ரல் 7ஆம் தேதிக் கணக்கேட்டில் அந்த விற்பனை பதிவாகியிருக்கிறது. அகலமான தெரு அது, நாட்டிலேயே அகலமானது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். தெருவுக்கு ஒரு பக்கம் ஆறு. 1970களில் கட்டிய காசில்கேட் அந்தப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றதால், ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டே ஆறு தெரியாமல் அரை நூற்றாண்டு கடந்தது. வளாகத்தையும், அதே தெருவின் இன்னொரு வணிக வளாகமான வெலிங்டன் ஸ்கொயரையும் நகராட்சி வாங்கியதும்தான் ஒரு வழி பிறந்தது. பாதி காலியாக இரண்டு மால் எதற்கு? காசில்கேட் கடைகளை வெலிங்டன் ஸ்கொயருக்கு நகர்த்தி அதை நிரப்பு, இதை இடி. சொந்தக்காரர்கள் இருவராக இருந்திருந்தால் இந்தக் கணக்கை யாரும் போட்டிருக்கமாட்டார்கள். கூடவே, 1935இல் கட்டி, கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 இரவில் பீட்டில்ஸ் பாடிய குளோப் அரங்கத்தைப் புதுப்பித்து 2021இல் திறந்தார்கள். செலவு முதல் மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டியது, அதற்காக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்.

நகராட்சி வாங்கிவிட்டால் போதுமா என்றால், இல்லை. ஷ்ரூஸ்பரியில் மூன்று வணிக வளாகங்களை ஷ்ராப்ஷர் நகராட்சி 2018இல் 5.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது; அவற்றின் மதிப்பு பிறகு படுவேகமாகச் சரிந்தது. விலை இன்னும் இறங்கும் என்று தெரியாமல் வாங்கியவர்கள் பலர். வாங்க வசதியில்லாத நகராட்சிகளுக்காக 2024 டிசம்பரில் வேறொரு வழி திறந்தது. இரண்டு ஆண்டில் 365 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையின் குத்தகையை, உரிமையாளர் மசியாவிட்டாலும், நகராட்சி ஏலம் விடலாம்; ஓர் ஆண்டு முதல் ஐந்து ஆண்டு வரை. ஏறமட்டுமே தெரிந்த அந்த வாடகைத் திருத்தத்தைத் தடைசெய்யும் ஷரத்தும் 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவில் இடம்பெற்றது. போர்ட்டஸ் அறிக்கைக்கும் இதற்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள்.

ஸ்டாக்டன் பூங்காவுக்கு வருகிறவர்கள் தெருவிலும் கால்வைப்பார்களா, வாங்குவார்களா என்பதை இனிதான் பார்க்கவேண்டும். சந்தை மட்டும் எதற்கும் காத்திருக்கவில்லை. 1310இல் டரம் பிஷப் கொடுத்த சாசனம் புதன்கிழமைச் சந்தைக்கு. புதன் வந்தால் அந்த அகலத் தெருவில் இன்றும் தட்டிகள் எழுகின்றன. காய்கறி, துணி, பாத்திரம் என்று விரிக்கிறார்கள், மாலையில் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.